மெஷினைச் சோதித்த கண்

1

இந்தக் கதை ஒரு மழை நாளில், ஜன்னலோரமாக, தானாக என் மனதில் உதித்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. தையல்காரரிடம் சட்டைக்குச் சொல்வதுபோல அளவு கொடுத்து எழுதச் சொன்னார்கள். சொன்னவர் ஓர் இலவசக் கண் மருத்துவமனையின் செயலாளர். அவர்களுடைய ஆண்டு மலரில் சில பக்கங்கள் காலியாக இருந்தனவாம்.

"ரொம்ப மெனக்கெடாதீங்க. கண்ணு தெரியாத ஒருத்தர் வர்றாரு. ஆபரேஷன் பண்றோம். கட்டை அவிழ்க்கிறோம். எதிர்ல அவர் மக நிக்கிறா. படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும். கலங்கிடுச்சுன்னா நன்கொடை தானா வரும்" என்றார்.

நானும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து ஆரம்பித்தேன்:

மெல்ல, மிக மெல்ல, நர்ஸின் விரல்கள் அந்த வெள்ளைக் கட்டை அவிழ்த்தன. ஒளி ஒரு நதியைப் போல

நதியோடு நின்றுவிட்டேன். காரணம், அன்று காலைதான் அந்த மருத்துவமனையில் கட்டு அவிழ்ப்பதை நேரில் பார்த்திருந்தேன். கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளுக்குக் கட்டு அவிழ்ந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "ஏம்மா, இந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்தவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்து, "நேத்தெல்லாம் வாய் ஓயாம பேசினது நீதானா? குரலைக் கேட்டு ஆறடி ஆளுன்னுல்ல நெனச்சேன்!" என்றார். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. கண் கலங்கக் காத்திருந்த நானும் சிரித்துவிட்டேன்.*

* கண்புரையை நான் இளக்காரம் செய்வதாக யாரும் கொடி பிடிக்க வேண்டாம். கண்ணுக்குள் மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுப் புதிய வில்லையை வைக்கிறார்கள், மனிதர் மறுநாள் பார்க்கிறார். இதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் அதிகம் இல்லை. என் சங்கடமெல்லாம், கதை எழுதுகிறவனுக்கு அது அளவுக்கு மீறிச் சௌகரியமான நோய் என்பதுதான். முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம். எழுத எனக்கு எதற்குச் சம்பளம்?

2

பெஞ்சுக்கு அந்தப்பக்கம் சுவரில் சாய்ந்தபடி ஒருவர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இனி இந்தக் கதை அவர் பின்னாலேயே போகும். நான் நடுநடுவே மூக்கை நுழைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர்கள் அவரை மைக்காரர் என்பார்கள். மருத்துவமனை எங்கே இலவச முகாம் போட்டாலும், அதற்கு முதல் நாள் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கூப்பிடுவது அவர் வேலை. அவர் குரலுக்கு மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூடக் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எட்டிப்பார்ப்பார்கள்.

"அன்பார்ந்த பொதுமக்களே! கண்ணில் புரையா? படிக்கிற பிள்ளைக்குப் பலகை தெரியவில்லையா? சர்க்கரை உள்ளவர்களே, உங்கள் காலைப் பார்த்துக்கொள்கிறீர்கள், கண்ணைப் பார்த்துக்கொள்கிறீர்களா? வாருங்கள், வாருங்கள்! சோதனை இலவசம்! ஆபரேஷன் இலவசம்! கண்ணாடி இலவசம்! வெட்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்!"

அவருடைய மனைவி பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸின் பின்படியில் இருப்பவரை முன்னிருக்கையிலிருந்தே அதட்டி உள்ளே வரவைக்கிற தொண்டை. இரண்டு பேரும் வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே எதிர்வீட்டுக்காரர் சமாதானம் செய்து வைக்க வந்துவிடுவார். பிள்ளைகள் இல்லை. அதனால் பேச்சு குறையவும் இல்லை.

[செயலாளர் இந்த இடத்தில், "நோயாளி எங்க?" என்று கேட்டார். வருவார் என்றேன்.]

3

முகாமில் காற்று ஊதும் மெஷின் ஒன்று உண்டு. தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டால், கண்ணைப் பார்த்து அது 'புஸ்' என்று ஊதும். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் எவ்வளவு என்று ஓர் எண்ணைக் காட்டும். வண்டியில் குலுங்கி வருகிற சாமான் ஆனதால், நோயாளிகள் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவருடைய கண்ணில் அதை ஊதிப் பார்த்துவிட வேண்டும்.

இந்த ஊதலுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். கண்ணைச் சிமிட்டுவார்கள், தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள், ஒருத்தர் மெஷினைத் திட்டியே இருக்கிறார். மைக்காரர் மட்டும் கல்லுப்பிள்ளையார்போல அசையாமல் இருப்பார். அவர் வேலை முகாம் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுவதால் டீயும் கையுமாகச் சும்மாதான் இருப்பார். ஆகவே மெஷினை இயக்குகிற டெக்னீஷியன் பெண், "அண்ணே, கண்ணைக் கொஞ்சம் கொண்டாங்க" என்பாள். பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்பதுபோலக் கேட்பாள். அவரும் கொடுப்பார். மெஷினைச் சோதிக்கும் கண் தன்னுடையது என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரு முகாமில் எண் அதிகமாகக் காட்டியது. இடது கண்ணில் ரொம்ப அதிகம்.

"அண்ணே, மெஷின் மக்கர் பண்ணுது" என்றாள் டெக்னீஷியன்.

"ரோடு அப்படி. நானே மக்கர் பண்ணிட்டுதான் வந்தேன்" என்றார் மைக்காரர்.

மெஷினை ஓரங்கட்டினார்கள். அன்றைக்கு வேறு கருவியை வைத்துச் சமாளித்தார்கள். மெக்கானிக் வந்தார், திறந்தார், தூசி தட்டினார், தன் கண்ணிலேயே ஊதிப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த முகாமில் மைக்காரர் உட்கார்ந்ததும் மறுபடி எகிறியது. மறுபடி மெக்கானிக். இந்தத் தடவை ஒரு பாகத்தையே மாற்றினார். அதற்கடுத்த முகாமிலும் அதே கதை.

"உங்களைக் கண்டாலே இதுக்கு ஆக மாட்டேங்குது அண்ணே" என்று டெக்னீஷியன் தலையில் கைவைத்துக்கொண்டாள். மெக்கானிக், இனி இந்த மெஷினுக்காகத் தன்னைக் கூப்பிட்டால் தொழிலையே விட்டுவிடுவதாகச் சொல்லியனுப்பினார்.

(நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தினமும் பார்க்கிற சுவர்க் கடிகாரமும் தெரியாத ஒருவரின் கைக்கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டினால் எதைச் சந்தேகப்படுவோம்? அவர்களுக்கு அந்தக் கண்தான் சுவர்க் கடிகாரம்.)

4

கடைசியில் விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போனது. அவர் மெஷினைப் பார்த்தார். டெக்னீஷியனைப் பார்த்தார்.

"மெக்கானிக் கண்ணுல சரியா காட்டுதா?"

"காட்டுது டாக்டர்."

"உன் கண்ணுல?"

"காட்டுது."

"இவர் கண்ணுல மட்டும்தான் தப்பா காட்டுது?"

"ஆமா டாக்டர். அதான் புரியவே..."

சொல்லும்போதே டெக்னீஷியனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப்போய்விட்டது. அறையில் இருந்த எல்லாரும் ஒருசேர மைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாமல், தன் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கே கண்ணின் பின்பக்கம் வரை பார்த்தார்கள். ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை நுழைத்து, எப்போதெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அப்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. வலது கண் தப்பித்திருந்தது. இடது கண்ணில் நரம்பு கொஞ்சம் பழுதாகி, மூக்குப் பக்கத்துப் பார்வை ஒரு துண்டு போயிருந்தது.

"வலியே இல்லையே டாக்டரம்மா. நல்லா தெரியுதே."

"வலிக்காது. நேரா பாக்கறது நல்லாத்தான் தெரியும். ஓரத்துலேர்ந்து அரிச்சுக்கிட்டே வரும். நடுவுக்கு வர்றப்போதான் தெரிய வரும், அப்போ ரொம்பத் தாமதம். போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. மருந்து நம்மளே கொடுத்துடுவோம்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"போட்டா எப்போ வித்தியாசம் தெரியும்?"

"தெரியாது. ஒண்ணுமே தெரியாம, இன்னைக்கு இருக்கற மாதிரியே என்னைக்கும் இருந்தீங்கன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

டெக்னீஷியன் மூலையில் நின்று அழுதாள். மைக்காரர்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. "விடு தங்கச்சி. பாகத்தை மாத்துன மெக்கானிக்கை நெனச்சுப் பாரு" என்றார். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துத் தொலைத்தாள்.

5

இப்போது என் கஷ்டம் உங்களுக்குப் புரிய வேண்டும். வைத்தியம் வெற்றி பெற்றால் ஒன்றும் நடக்காது. அதுதான் வெற்றி. கட்டு கிடையாது, அவிழ்ப்பு கிடையாது. ஒன்றும் நடக்காததை எப்படி எழுதுவது?

அதே கஷ்டம் மைக்காரருக்கும் வந்தது. இந்த நோயையும் கூப்பாட்டில் சேர்க்கச் சொல்லி டெக்னீஷியன் அவரைக் கெஞ்சியிருந்தாள். அவர் வண்டியில் உட்கார்ந்து, மைக்கை அணைத்துவிட்டு, ஒத்திகை பார்த்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! கண் நீர் அழுத்த நோய்! வந்தால் உங்களுக்குத் தெரியாது! மருந்து போட்டாலும் உங்களுக்குத் தெரியாது! போனது வராது! வாருங்கள், வாருங்கள்!"

டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. மைக்காரர் அந்த வரியைக் கைவிட்டு, பழையபடி கண்புரைக்குப் போய்விட்டார். நானும் அன்று மாலை, பாதியில் விட்ட அந்த ஒளி நதியைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கே ஒளிக்கவில்லை.

அதோடு இன்னொன்றையும் அவர் கைவிட்டார். சொட்டு மருந்தை.

ஏன் விட்டார்? இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரையெல்லாம் சிகிச்சைக்குக் கூப்பிடுகிற மனிதர் தன் மருந்தை நிறுத்துவாரா? முதலில், 'ஊரைக் கூப்பிட்டவனே நோயாளியாகிப் போன வெட்கம் அவர் நெஞ்சை' என்று தொடங்கினேன். அடித்தேன். அவருக்கு வெட்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. பிறகு, 'மரண பயத்தின் நிழலில்' என்று எழுதினேன். அதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் நேராகப் போய் அவரையே கேட்டுவிட்டேன்.

"எரியுதுங்க. கண்ணு செவந்து போகுது. பாக்கறவனெல்லாம் 'என்ன, வீட்ல சண்டையா'ங்கறான். சரி, எரியட்டும். எரிஞ்சா எதாவது ஒண்ணு நடக்கணும்ல? போட்டா ஒரு மாதிரி, போடாட்டி ஒரு மாதிரின்னு இருந்தா போடலாம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா மனுஷன் எதுக்குப் போடுவான்?"

மாத்திரையால் காய்ச்சல் இறங்குகிறது, களிம்பால் அரிப்பு நிற்கிறது. இது எதையும் இறக்கவோ நிறுத்தவோ செய்வதாகத் தெரியவில்லை. நியாயமான மனிதர் நியாயமாக யோசித்து, நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகிக்கொண்டிருந்தார்.

6

மனைவி ஒவ்வொரு காலையும் வேலைக்குக் கிளம்பும்போது, "போட்டாச்சா?" என்பாள். "ஆச்சு ஆச்சு" என்பார். டிக்கெட் எடுக்காதவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற பெண், கட்டிய கணவனிடம் மட்டும் ஏமாந்துபோனாள். பக்கத்திலேயே இருப்பவரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஒரு விடுமுறை நாளில் அலமாரியைத் துடைக்கும்போது மருந்து பாட்டில் கையில் பட்டது. எடுத்தாள். புதிதாக வாங்கிவந்த அன்றைக்கு இருந்த கனம் அப்படியே இருந்தது. அவள் கத்தவில்லை. அதுதான் அவரை முதலில் பயமுறுத்தியது.

"இப்படி வந்து உக்காருங்க."

சமையலறையில் இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டாள். முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மருத்துவமனையில் அவருக்காகக் காத்திருந்தபோது டெக்னீஷியன் வரிசையில் இருந்தவர்களுக்கு என்ன செய்தாள் என்று அவள் பார்த்துவைத்திருந்தாள்.

"வலது கண்ணைப் பொத்துங்க. இடது கண்ணால என் மூக்கையே பாருங்க. அங்க இங்க பாக்கக் கூடாது. ஓரத்துல என் விரல் ஆடுறது எப்போ தெரியுதோ அப்போ சொல்லுங்க."

"உன் மூக்கைத்தானே? அதைப் பாத்துதானே இந்த வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன்."

"வாயை மூடிட்டுப் பாருங்க."

இடப்பக்கம் விரலை ஆட்டினாள். "ஆடுது." கீழே ஆட்டினாள். "ஆடுது. இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? ஊரெல்லாம் முகாம் நடத்தற எங்களுக்கேவா?"

அவள் கையை மறுபக்கம், அவருடைய மூக்கின் பக்கமாகக் கொண்டுபோனாள்.

அவர் காத்திருந்தார்.

"ம், ஆரம்பி."

பதில் இல்லை.

"என்ன, கை வலிக்குதா? ஆரம்பிக்கலாம்ல?"

அவர் பார்த்துக்கொண்டிருந்த மூக்கு மெல்லச் சிவந்தது. அதன் நுனி நடுங்கியது. அவர் பதறிப்போய்ப் பார்வையைத் திருப்பினார். அங்கே அவள் கை இருந்தது. ஒரு விரல் இல்லை, ஐந்து விரலும், ஓடிவருகிற பயணியை வா வா என்று பஸ்ஸுக்குள் கூப்பிடுகிறதுபோல ஆடிக்கொண்டிருந்தன.

"எப்போலேர்ந்து ஆட்டிட்டிருக்கே?"

"நீங்க 'ஆரம்பி'ங்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

அவர் வலது கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"அந்த எடம் இருட்டா தெரிஞ்சுதா?" என்று அவள் கேட்டாள்.

"இருட்டா இருந்தா இருட்டுன்னு சொல்லியிருப்பேனே. இருட்டே இல்ல. சுவர்தான் தெரிஞ்சுது. உன் கை இருந்த எடத்துல, நல்ல சுத்தமா, சுவர் இருந்துச்சு."

தன் கண் தன்னிடமே இவ்வளவு நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா சொன்னபோது வராத பயம் இப்போது வந்தது. எதிரே இருக்கிற இந்த முகமும் ஒரு நாள் இப்படித்தான், சத்தமில்லாமல், சுவராகிவிடும் என்ற பயம்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொத்துங்க. மறுபடி மூக்கைப் பாருங்க" என்றாள். விரலை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினாள்.

"இப்போ தெரியுது!" என்று அவர் கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் விரலை அங்கேயே நிறுத்தினாள். "இதான் எல்லை. அந்தப் பக்கம் போனது போகட்டும். இந்தப் பக்கம் இன்னும் எவ்வளவு இருக்கு பாருங்க, நான் முழுசா இருக்கேன். இனிமே இதைத் தாண்டி ஒரு விரக்கடை உள்ள வந்துச்சுன்னா உங்களை நடுவழியிலயே இறக்கி விட்டுடுவேன், ஆமா."

"எரியுமே."

"எரியட்டும். பக்கத்துல உக்காந்து ஊதறேன்."

7

செயலாளர் இதுவரை படித்துவிட்டு, "எல்லாம் சரி, கட்டு எங்க?" என்றார். முடிவு வேண்டும் என்றார். அவருக்காகச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உங்களுக்கும் காட்டுகிறேன்.

முதல் முடிவு. மருந்து போட்டுப் போட்டு, போன பார்வை ஒரு நாள் திரும்பி வருகிறது. மனைவியின் ஐந்து விரல்களும் மூக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகின்றன. [இதை அச்சடித்தால் டாக்டரம்மா என் வீடு தேடி வந்து உதைப்பார். நியாயம்தான். இதை நம்பி மருந்தை ஆரம்பித்து, வரவில்லையே என்று நிறுத்துகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?]

இரண்டாவது முடிவு. பிழைப்பு, அலைச்சல், மறதி. சொட்டு மறுபடி விட்டுப்போகிறது. ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கும்போது மைக்காரர் படியைக்

இதை முடிக்க மாட்டேன். இப்படி எழுதினால் கண் கலங்கும், எனக்குத் தெரியும். ஒரு மனிதரைக் குருடாக்கித்தான் எனக்கு நன்றாக எழுத வரும் என்றால் நான் மோசமாகவே எழுதிவிட்டுப் போகிறேன்.

மூன்றாவது முடிவு, உண்மையிலேயே நடந்தது. மைக்காரர் தன் கூப்பாட்டை மாற்றிவிட்டார். அடுத்த முகாமுக்கு முதல் நாள் என் தெருவிலேயே கேட்டேன்: "அன்பார்ந்த பொதுமக்களே! கண்ணில் ஒரு குறையும் இல்லையா? எல்லாம் பளிச்சென்று தெரிகிறதா? உங்களைத்தான் கூப்பிடுகிறேன்! எனக்கும் அப்படித்தான் தெரிந்தது!" நான்கூடப் போய்த் தாடையை வைத்துவிட்டு வந்தேன். மெஷின் ஊதியபோது அலறினேன்.

செயலாளருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "இதோட முடிச்சிடுங்க, கைதட்டல் வரும்" என்றார். ஆனால் கைதட்டல் ஓய்ந்த பிறகும் மறுநாள் காலை என்று ஒன்று வருகிறதே. அன்றைக்கும் சொட்டு போட வேண்டுமே. அதற்கு மறுநாளும்.

அப்படி ஒரு காலையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். அவள் யூனிஃபார்மோடு, தோள்பையோடு, கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். அவர் "ஸ்ஸ்" என்றார். அவள் சொன்னபடியே ஊதினாள்.* பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள்.

* ஊதுவதால் மருத்துவ ரீதியாக ஒரு பயனும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பதே நல்லது என்று டாக்டரம்மா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அவர்களிடம் சொல்லப் போவதில்லை.

"கதையில கடைசில நான் என்ன ஆகறேன்?" என்று மைக்காரர், மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னும் முடிவாகலை."

"ஆகவே வேண்டாங்க" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

எனவே, வாசகரே, இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. இது முடிந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் மருந்தை நிறுத்திவிட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள். நாளைக் காலையை எழுதுகிற பொறுப்பை உங்களிடம் விடுகிறேன். நாளை மறுநாளையும், அதற்கடுத்ததையும். அவரை உட்கார வையுங்கள், சொட்டு விடுங்கள், எரியட்டும், அவளை ஊதவிடுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், என்னைவிட நன்றாகவே எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒன்றும் நடக்கக் கூடாது.